புலி இருந்தால் ராஜராஜன் காசா? பழைய காசைப் படிக்க ஒரு முதல் பாடம்

ஆற்று மணலிலோ, அஸ்திவாரம் தோண்டிய குழியிலோ பச்சை ஏறிய செப்புக்காசு ஒன்று கிடைத்துவிட்டால் போதும், சுற்றி நிற்கும் எல்லோரும் அறிஞர்களாகிவிடுவார்கள். "புலி மாதிரி தெரியுது, ராஜராஜன் காசுதான்" என்பார் ஒருவர். "இல்லங்க, மீன் இருக்கு பாருங்க, சங்க காலப் பாண்டியர்" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் அதில் ஆஞ்சநேயரைக் கண்டுபிடிப்பார். நான்காமவர் நேராக விலைக்குப் போய்விடுவார்.

யாரும் பொய் சொல்லவில்லை. காசில் ஏதோ ஓர் உருவம் தெரிகிறது. தெரிந்த ராஜா ஒருவரின் பெயரை அதோடு முடிச்சுப் போடுகிறார்கள். கோளாறு அந்த முடிச்சில்தான் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை தமிழகத்திலும் அதை ஒட்டிய நாடுகளிலும் புழங்கிய காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த முடிச்சை எப்படி நிதானமாகப் போடுவது என்று பார்க்கலாம்.

சட்டைப்பையில் இருக்கும் சிங்கம்

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். அதில் அசோகர் நிறுத்திய சாரநாத் தூணின் சிங்கத் தலை இருக்கிறது. 1950இலிருந்து இந்திய நாணயங்களில் அது தொடர்ந்து வருகிறது. அதற்காக யாரும் "இது அசோகர் காசு" என்று சொல்வதில்லை. அந்தச் சிங்கம் சொல்வது ஒன்றே ஒன்று: இது இந்திய அரசின் காசு. எந்த வருடத்துக் காசு என்பதைக் கீழே உள்ள எண் சொல்லும். எங்கே அடித்தது என்பதை அந்த எண்ணுக்கு அடியில் இருக்கும் குட்டிக் குறி சொல்லும். நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப்புள்ளி என்றால் நொய்டா, வைர வடிவம் என்றால் மும்பை, ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா.

பழைய காசும் இப்படித்தான். அதில் உள்ள உருவத்தைச் சின்னம் என்கிறோம். எழுத்தைப் பொறிப்பு என்கிறோம். சின்னம் பெரும்பாலும் எந்த அரசு, எந்த மரபு என்று காட்டும். ஆள் யார் என்பதைப் பொறிப்பில்தான் தேட வேண்டும். சோழர் காசில் உள்ள புலி ராஜராஜனின் சொந்தப் புலி அல்ல. அவருக்கு முன்னால் ஆண்ட உத்தம சோழன் காசிலும் புலி உண்டு, பின்னால் வந்த ராஜேந்திரன் காசிலும் உண்டு.

சரி, அப்படியானால் எழுத்தைப் படித்துவிட்டால் வேலை முடிந்ததா என்று கேட்கலாம். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்கு முன் காசு எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. பாதிக் குழப்பம் அங்கேதான் தீரும்.

ரப்பர் ஸ்டாம்பும் சுத்தியலும்

அஞ்சலகத்தில் முத்திரை குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் ஸ்டாம்பில் எழுத்து இடவலம் மாறி இருக்கும், தாளில் விழும்போது நேராகிவிடும். அவசரமாகக் குத்தினால் ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும். தாள் சின்னதாக இருந்தால் முத்திரையின் பாதி மேசைமேல் போய்விடும்.

பழைய காசு அடித்ததும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். உருவத்தையும் எழுத்தையும் குழிவாக, இடவலம் மாற்றி வெட்டிய உலோகக் கட்டைக்கு அச்சு என்று பெயர். ஓர் அச்சைக் கீழே பதித்து வைப்பார்கள். அதன்மேல் வில்லையை, அதாவது இன்னும் எதுவும் பதியாத வெறும் உலோகத் துண்டை, வைப்பார்கள். மேலே இன்னோர் அச்சைப் பிடித்துச் சுத்தியலால் ஒரு அடி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பதிந்துவிடும். இந்த வேலை நடந்த இடத்துக்கு அக்கசாலை என்று பெயர்.

இந்த ஒரு அடியிலிருந்துதான் எல்லாச் சங்கடமும் வருகிறது. செப்புக்காசுகளில் அச்சு பெரிதாகவும் வில்லை சின்னதாகவும் இருப்பது சாதாரணம். அதனால் பொறிப்பு முழுவதும் ஒரு காசில் விழாது. ஒன்றில் தலை இருக்கும், இன்னொன்றில் வால் இருக்கும். கை நழுவினால் சின்னம் ஓரத்துக்குப் போய்விடும். ஒரே அச்சில் ஒரே நாளில் அடித்த இரண்டு காசுகள்கூட ஒன்றுபோல் இருக்காது. "என்னிடம் இருப்பதில் மீன் ஒன்றுதான் இருக்கிறது, இது தனி வகை" என்று மகிழ்ந்துபோகிறவர்கள், இரண்டாவது மீன் வில்லைக்கு வெளியே விழுந்திருக்கலாம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அச்சு வெட்டியவர் எழுத்தை மாற்றி வெட்ட மறந்தால் காசில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி விழும். அதை ரகசிய எழுத்து என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்படி இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து அடிக்கும் முறைக்கு ஒரு விலக்கு, ஆந்திரக் கரையோரத்து வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியர்களின் மெல்லிய தங்கக் காசுகள். நடுவில் பன்றிச் சின்னம். சுற்றிலும் உள்ள பொறிப்பின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தனித்தனி முளையால் குத்தியிருப்பார்கள். அடுத்த பக்கம் வெறுமையாக இருக்கும். காசைத் திருப்பிப் பார்த்ததுமே தமிழகத்துச் செப்புக்காசோடு குழப்பிக்கொள்ள முடியாது என்று தெரிந்துவிடும்.

இதுவரை பார்த்ததை ஒரு மூச்சில் சொன்னால்: சின்னம் மரபைக் காட்டும், பொறிப்பு ஆளைக் காட்டும், ஆனால் கையடியால் இரண்டுமே அரைகுறையாக விழுந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாதது காசில் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

புலி, மீன், வில்: மூவரும் கைகோத்தார்களா?

சோழர் காசுகளில் உட்கார்ந்த புலி, அதன் பக்கத்தில் மீன், வில், மேலே குடை, ஓரங்களில் விளக்கு என்று ஒரு கூட்டமே இருக்கும். புலி சோழருடையது, மீன் பாண்டியருடையது, வில் சேரருடையது. உடனே "மூவேந்தரும் ஒற்றுமையாகச் சேர்ந்து வெளியிட்ட காசு" என்று ஒரு கதை கிளம்பிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது நேர் எதிர். பாண்டிய நாட்டையும் சேர நாட்டையும் அடக்கிவிட்டோம் என்று சோழர் காட்டிக்கொண்ட பெருமை அது. தோற்றவர்களின் சின்னங்களைத் தன் குடைக்குக் கீழே உட்கார வைத்திருக்கிறார்கள். எனவே மீன் தெரிகிறதே என்று உடனே பாண்டியருக்குத் தாவாமல், பக்கத்தில் புலி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாண்டியர் தங்களுக்காக அடித்த காசில் இரட்டை மீன்தான் நாயகர். பல காசுகளில் நடுவே ஒரு செண்டு (பூச்செண்டு அல்ல, ஒரு வகைக் கோல்) நிற்கும்.

பெயரை நம்பி மோசம் போகிற இன்னோர் இடம் வராகன். விஜயநகரத்தின் தங்கக் காசுக்கு வராகன் என்று பெயர், எடை சுமார் 3.4 கிராம், சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். வராகம் என்றால் பன்றி. அதனால் பன்றியைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போகும். பெரும்பாலான விஜயநகர வராகன்களில் பன்றி கிடையாது. சாளுக்கியர் பன்றிக் காசிலிருந்து வந்த பெயர் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். இரண்டாம் ஹரிஹரரின் வராகனில் உமாமகேஸ்வரர் அமர்ந்திருப்பார். கிருஷ்ணதேவராயர் (1509–1529) காசில் பாலகிருஷ்ணர். அச்சுதராயர் காசில் இரண்டு தலை கொண்ட கண்டபேரண்டப் பறவை யானைகளைக் கவ்விக்கொண்டு நிற்கும். இங்கே மட்டும் சின்னத்தை வைத்து ஆளை ஓரளவு நெருங்க முடிகிறது. ஏனென்றால் விஜயநகர அரசர்கள் அடிக்கடி உருவத்தை மாற்றினார்கள்.

நிற்கும் மனிதரும் உட்கார்ந்த மனிதரும்

தமிழகத்தில் அதிகம் கிடைக்கும் இடைக்காலச் செப்புக்காசு ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முன்பக்கம் ஒருவர் நிற்கிறார், கையில் பூ. பின்பக்கம் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் கைக்குக் கீழே மூன்று வரியில் நாகரி எழுத்து: ஸ்ரீ ராஜராஜ. உருவங்கள் கோடும் புள்ளியுமாக இருக்கும். முதல்முறை பார்ப்பவருக்கு மனிதனாகவே தெரியாது, ஏதோ வெட்டுக்கிளி என்றுதான் தோன்றும். தலை ஒரு வளைவு, உடம்பு இரண்டு கோடு, வேட்டி மடிப்பு நாலு கீற்று. ஆஞ்சநேயரைக் கண்டுபிடித்த நண்பர் பார்த்தது பெரும்பாலும் இவரைத்தான்.

இந்த வடிவம் ஈழத்துத் தங்கக் காசிலிருந்து வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. முதலாம் ராஜராஜன் (985–1014) ஈழத்தின் வடபகுதியைப் பிடித்தபின், அங்கே மக்கள் பழகியிருந்த அதே அமைப்பில் தன் பெயரைப் போட்டுச் செப்பில் அடித்தார். இது நல்ல தந்திரம். சந்தையில் காசு வாங்குபவர் எழுத்தைப் படிப்பதில்லை, பழகிய உருவத்தைத்தான் பார்க்கிறார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சோழர்கள் ஈழத்தை விட்டுப் போனபிறகும் உருவம் போகவில்லை. பொலன்னறுவையில் ஆண்ட பராக்கிரமபாகு (1153–1186) அதே நிற்கும் மனிதரையும் உட்கார்ந்த மனிதரையும் வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினார். அவருக்குப் பின் வந்தவர்களும் அதையே செய்தார்கள். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசிலும் ஒரு பக்கம் நிற்கும் மனிதர் உண்டு. மறுபக்கம் படுத்த நந்தி, பிறை, தமிழில் "சேது" என்ற சொல். உருவம் ஒன்று, நாடுகள் மூன்று, நூற்றாண்டுகள் பல.

அப்படியென்றால் நிற்கும் மனிதர் யார்? ராஜராஜனின் முகமா, பராக்கிரமபாகுவின் முகமா? இரண்டும் இல்லை. இது முகச்சாயல் பார்த்து வரைந்த படம் இல்லை, "அரசன்" என்பதற்கான குறி. போக்குவரத்துப் பலகையில் சாலையைக் கடக்கும் மனிதர் யார் என்று நாம் கேட்பதில்லையே.

நகலெடுக்க நகலெடுக்க வடிவம் சிதைந்துபோகும் என்பதையும் மனத்தில் வைக்கவும். நாகரி தெரியாத ஒருவர், தேய்ந்த காசைப் பார்த்து அச்சு வெட்டினால், எழுத்து வெறும் கோடாகிவிடும். படிக்கவே முடியாத பொறிப்பு எல்லாம் தேய்மானத்தால் வந்ததல்ல. சில பிறக்கும்போதே படிக்க முடியாதவை.

படிப்பதற்கு முன், எந்த எழுத்து?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராகப் பெயரைப் படிக்கப் பாய்கிறார்கள். முதல் கேள்வி எழுத்து முறை எது என்பதுதான். எழுத்தின் தலையில் படுக்கைக் கோடு ஓடினால் நாகரி. அரபி எழுத்தாக இருந்து, உருவமே இல்லை என்றால், 14ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட சுல்தான்களின் காசாக இருக்க நல்ல வாய்ப்பு. கன்னட எழுத்து விஜயநகரச் செப்புக்காசுகளில் வரும். கிரந்தம் என்பது தமிழகத்தில் வடமொழி எழுதுவதற்குப் பயன்பட்ட எழுத்து. நாம் இன்றும் எழுதும் ஜ, ஸ, ஹ எல்லாம் அங்கிருந்து வந்தவை. இப்படி எழுத்து முறையைப் பிரித்துக்கொண்டாலே பாதிக்கு மேற்பட்ட தவறான ஊகங்கள் கழிந்துபோகும்.

தமிழ் எழுத்து என்றால் நமக்குச் சுலபம் என்று நினைப்போம். இல்லை. காசுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் எழுத்தில் காட்டப்படுவதில்லை. அது பிற்பாடு, 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தோடு வந்தது. நாம் துணைக்கால் என்று போடும் ‘ா’ பார்ப்பதற்கு ‘ர’ மாதிரியே இருக்கும். ஆகவே "சோணாடு கொண்டான்" என்பது காசில் "சொணாடு கொணடான" என்று, அதுவும் வரி உடைந்து நிற்கும். இதை முதல்முறையாகப் பார்ப்பவர் "சொணரடு" என்று படித்துவிட்டு, அப்படி ஓர் ஊர் எங்கே என்று தேடுவார். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கண்ணைவிடக் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

பெயரா, பட்டமா, கடவுளா?

எழுத்தைப் படித்தாயிற்று. அது யார் பெயர்? பல காசுகளில் அரசனின் பெயரே இருக்காது, பட்டம்தான் இருக்கும். சோணாடு கொண்டான் என்றால் சோழ நாட்டைக் கைப்பற்றியவன். 1216இல் ஆட்சிக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியனின் பட்டம் அது. கங்கைகொண்ட சோழன் என்றால் ராஜேந்திரன் (1014–1044). "எல்லாந்தலையானான்" என்று ஒரு பாண்டியர் காசு இருக்கிறது. எல்லாருக்கும் தலைவன் ஆனவன் என்று பொருள். அடக்கம் என்பது அரசர்களுக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம்.

விஜயநகரக் காசில் "ஸ்ரீ பிரதாப ஹரிஹர", "ஸ்ரீ பிரதாப கிருஷ்ணராய" என்று நாகரியில் வரும். இதில் பிரதாப என்பது எல்லோருக்கும் பொதுவான அடைமொழி. பெயர் அதற்குப் பின்னால் வருவது. முதல் இரண்டு வரியை மட்டும் படித்துவிட்டுப் "பிரதாபன்" என்று ஒரு மன்னரை உருவாக்கிவிடக் கூடாது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த வேங்கடபதி ராயர் காசுகளில் இன்னும் சிரமம். அங்கே "ஸ்ரீ வேங்கடேஸ்வராய நம:" என்று இருக்கும். அது அரசன் பெயரல்ல, திருப்பதிப் பெருமாளுக்கு வணக்கம்.

இனி, நான் முன்னே சொன்ன பள்ளம். "ஸ்ரீ ராஜராஜ" என்று பெயரே தெளிவாக இருக்கிறது, தங்கக் காசு, நடுவில் பன்றி. யாருடையது? தஞ்சை ராஜராஜன் என்று சொன்னால் தப்பு. வேங்கியை ஆண்ட ராஜராஜ நரேந்திரனுடையது. இவர் தஞ்சை ராஜராஜனின் மகள் குந்தவையின் மகன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்த நம் வழக்கம், ஆயிரம் ஆண்டு கழித்து நம்மையே ஏமாற்றுகிறது. பெயர் ஏமாற்றிய இடத்தில் பன்றி காப்பாற்றியது. சின்னத்தையும் பொறிப்பையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

சில நேரம் இரண்டும் சேர்ந்தும் போதாது. "சுந்தர பாண்டியன்" என்ற பொறிப்பும் இரட்டை மீனும் இருக்கிறது என்று வையுங்கள். பாண்டியரில் சுந்தரர்கள் பலர். ஜடாவர்மன், மாறவர்மன் என்ற முன்னொட்டுகள் கல்வெட்டில் வரும், காசில் பெரும்பாலும் வராது. போதாக்குறைக்கு ஒரே காலத்தில் ஒருவருக்கு மேற்பட்ட பாண்டியர் ஆண்டார்கள். அந்த நிலையில் "13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர், சுந்தர பாண்டியன் பெயரில்" என்று நிறுத்திக்கொள்வதே நேர்மையான பதில். தேவராயர் பெயர் உள்ள விஜயநகரக் காசிலும் முதலாமவரா இரண்டாமவரா என்று இதே தயக்கம் வரும்.

ஆண்டு எழுதியிருந்தால் இந்தத் தயக்கமெல்லாம் வராது. தமிழகத்து இடைக்காலக் காசுகளில் ஆண்டு பார்ப்பது அரிது. வேங்கித் தங்கக் காசுகள் சிலவற்றில் ஆட்சியாண்டு உண்டு. மதுரை சுல்தான்கள் ஹிஜ்ரி ஆண்டு போட்டார்கள். அதை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழ நம் கணக்கு கிடைக்கும்: ஹிஜ்ரி 738 என்றால் 1337–38.

கடவுள் இருந்தால் பழசு என்று அர்த்தமில்லை

ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் அனுமார், பெரிதாக, கனமாக, பளிச்சென்று ஒரு காசு. அது ராமடங்கா, பக்தர்கள் பூசைக்கு வைத்துக்கொள்ளும் பதக்கம். விஜயநகரத்துத் திருமலைராயர் காசில் ராமர் இருப்பது உண்மைதான், ஆனால் அது முன்னே சொன்ன பொத்தான் அளவு வராகன். கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818 என்ற ஆண்டும் போட்டு ராமர், அனுமார் உருவத்தோடு வருபவை கம்பெனி அடித்த காசே அல்ல. புதுக்கோட்டை அம்மன் காசு உண்மையான காசுதான். ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் "விஜய". ஆனால் அது 20ஆம் நூற்றாண்டு வரை அடிக்கப்பட்டது. அரிசியை இழுக்கும் அபூர்வக் காசு என்று யாராவது பேச ஆரம்பித்தால் காசைப் பார்க்காமலே எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, காசைத் தேய்க்காதீர்கள். எனக்கு முதலில் கிடைத்த செப்புக்காசைப் புளி போட்டுக் குத்துவிளக்கு மாதிரி துலக்கினேன். பச்சையும் போயிற்று, அதோடு பாதி எழுத்தும் போயிற்று. மண் படிந்திருந்தால் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய தூரிகையால் தடவினால் போதும். படிக்க வேண்டுமென்றால் விளக்கை மேலிருந்து காட்டாமல் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். மேடு பள்ளத்தின் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும். புதையலாகக் கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் உடனே குறித்துவையுங்கள், காசு வாய் திறந்து சொல்லாத சேதி அது.

மூன்று காசு, ஒரு பெயர்

கடைசியாக ஒருமுறை சேர்ந்து செய்து பார்க்கலாம். மூன்று செப்புக்காசுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றிலும் முன்பக்கம் அதே வெட்டுக்கிளி மனிதர் பூவோடு நிற்கிறார், பின்பக்கம் அமர்ந்திருக்கிறார். அடித்த விதம், அளவு, உலோகம் எல்லாம் ஒன்று. எழுத்து நாகரி. இதுவரை நாம் சொல்லக்கூடியது: ராஜராஜன் தொடங்கி 13ஆம் நூற்றாண்டு வரையிலான சோழ அல்லது ஈழக் காசு.

முதல் காசில் "ஸ்ரீ ரா" வரை தெரிகிறது, மிச்சம் வில்லைக்கு வெளியே. கை பரபரக்கும், ராஜராஜன் என்று சொல்லிவிடலாம் போல இருக்கும். பொறுங்கள். இரண்டாவதில் மேல்வரி இல்லை, "ராஜ லீ" என்று தெரிகிறது. ராஜராஜனில் லீ எங்கிருந்து வந்தது? மூன்றாவதில் கீழ்வரி மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது: "லாவதி".

சேர்த்துப் படித்தால் ஸ்ரீ ராஜ லீலாவதி. பராக்கிரமபாகுவின் அரசி, அவருக்குப் பின் 1197இல் முதன்முறையாக அரியணை ஏறி, இடையிடையே இறக்கப்பட்டு, மூன்று முறை பொலன்னறுவையை ஆண்டவர். அவர் பெயருக்கு முன்னால் நிற்பது "ராணி" அல்ல, "ராஜ". முன்பக்கத்தில் பூவோடு நிற்பவரும் அதே பழைய ஆண் உருவம்தான். அரசி வந்தும் அக்கசாலையில் யாரும் அந்த உருவத்தை மாற்றவில்லை.